கர்ச்சீப்புக்கு அசையாத பதினோரு பேர்

—நான் கர்ச்சீப்பை ஆட்டினேனா இல்லையா? அதை மட்டும் சொல்லு, அசோகா.

—ஆட்டினீங்க சார்.

—மைதானத்துல எவனாவது ஒருத்தன் அசைஞ்சானா?

—நாமதான் ஜெயிச்சிட்டமே சார். ரெண்டுக்கு சைபர். பிறகென்ன?

—அதான்டா என் பிரச்சினையே. தோத்திருந்தா நான் பாட்டுக்கு மழை, சேறு, ரெஃப்ரீயோட மூக்குக்கண்ணாடின்னு எதையாவது சொல்லிட்டுத் தூங்கியிருப்பேன். தோல்விக்கு என்கிட்ட எப்பவும் காரணம் ஸ்டாக் இருக்கும். ஜெயிச்சதுக்குக் காரணம் தெரியலேன்னாதான் எனக்குத் தலை வெடிச்சுடும்.

—ஏன்னா, வெடிக்கறதுக்கு முன்னாடி அந்த ஷூவைக் கழட்டிடுங்கோ. இந்த வாரம் மாடிப்படி பெருக்கற முறை நம்மாத்துது. கீழ்வீட்டு அம்மா இப்பவே கதவிடுக்குல எட்டிப் பார்த்துண்டிருக்கா. அசோகன், நீயும்தான். சாக்ஸோட உள்ள வா.

—சரி மாமி.

—கிரிஜா, நான் இங்க ஒரு விஞ்ஞானக் கேள்வி கேட்டுண்டிருக்கேன்.

—சாக்ஸோட கேளுங்கோ. விஞ்ஞானம் ஒண்ணும் வழுக்கி விழுந்துடாது. ஹேபர்லே நாலு மணிக்கு வரேன்னிருக்கார். இந்த ஊர்க்காரா நாலுன்னா முன்னாடியே வந்து வாசல்ல நின்னுண்டு கடிகாரத்தைப் பார்ப்பாளே தவிர, தாமசமா வரமாட்டா. கேசரி கிளறி வெச்சிருக்கேன். பேக்கரி வெச்சிருக்கறவர் அவர், அவர்கிட்ட போய் கேக்கை நீட்டினா நன்னாவா இருக்கும்?

—கிளப் தலைவரே வீடு தேடி வாராரா? என்னத்துக்கு சார்?

—அடுத்த சீசனுக்கும் நான்தான் கோச்சான்னு கேக்க. இன்னிக்கே பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். அதான் உன்னை மைதானத்துலேர்ந்து கையோட இழுத்துண்டு வந்தேன். நீ ஒருத்தன்தான் ரெண்டு இடத்துலயும் என்கிட்ட ஆடினவன். நம்ம காலேஜ்லயும் ரைட் விங், இந்த ஸ்டுட்கார்ட் பக்கத்துக் கிராமத்து டீம்லயும் ரைட் விங். சொல்லு. காலேஜ்ல நான் ஜெயிச்சேனே, அந்த வித்தை என்னோட கூட இந்த ஊருக்கு வந்திருக்கா, இல்லே ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரன் பிடிச்சு வெச்சுண்டுட்டானா?

—மூணு வருஷம் மூணு கோப்பை வாங்கின ஆளு சார் நீங்க. உங்களுக்கே சந்தேகமா?

—அந்த மூணு கோப்பையை வெச்சுத்தான் எங்காத்துல பொண்ணு கேட்டா, தெரியுமோ அசோகன்? மாப்பிள்ளை இன்ஜினியரிங் காலேஜ் லெக்சரர், ஃபுட்பால் கோச் வேறேன்னு தரகர் சொன்னார். எங்கப்பா ஒரு வாரம் யோசிச்சார். ஆத்துல கோவம் வந்தா இவர் எதை எதை உதைப்பாரோன்னு.

—உங்கப்பாகிட்ட நான் அப்பவே உண்மையைச் சொன்னேனே. நான் ஒரு பந்தைக்கூட உதைச்சதில்லே சார், உதைக்கறவாளுக்கு யோசனை மட்டும் சொல்றவன்னு.

—அதைக் கேட்டப்புறம்தான் ஜாதகத்தையே திறந்தார்.

—இது எல்லாத்துக்கும் மூலகாரணம் இந்தப் பயலோட வாய். லேப் உண்டு நான் உண்டுன்னு இருந்தேன். ஃபாக்டரிக்கு ட்ரெய்னிங் வந்தவன், கிளப்ல போய் ஆடினோமா, வந்தோமான்னு இருந்தானா? 'எங்க சார் மூணு கோப்பை வாங்கினவர், இந்த ஊர்லதான் இருக்கார்'னு ஹேபர்லேகிட்ட அளந்துட்டான். போன வருஷம் உலகக் கோப்பையை ஜெயிச்ச தேசம்டா இது! இங்க தெருவுல பால் பாக்கெட் வாங்கப் போற கிழவிகூட ஆஃப்ஸைடுன்னா என்னன்னு வரைஞ்சு காட்டுவா. அங்க போய் இந்தத் தயிர்சாதத்தை கோச்சுன்னு உக்கார வெச்சே.

—பழைய கோச்சுக்கு இடுப்புப் பிடிச்சிட்டு சார். அவங்களும் எவனாவது கிடைச்சாப் போதும்னு இருந்தாங்க.

—நன்னாருக்கு. எவனாவதுங்கற பதவிக்கு இவரைவிடப் பொருத்தமா யார் கிடைப்பா?

—சிரிச்சுக்கோ கிரிஜா. ஆனா இதைக் கேளு. லேப்ல அஞ்சு வருஷமா என்னை 'ஹெர் டாக்டர்'னுதான் கூப்பிடறா. கதவைத் திறந்து விடறா, குட் மார்னிங் சொல்றா, அதோட சரி. அந்த மைதானத்துல மட்டும்தான் 'மௌலி, மௌலி'ன்னு தொண்டை கிழியக் கத்தறா. பேரைப் பாதியா உடைச்சாலும் என் பேரு அது. அந்தக் கத்தல் இல்லேன்னா எனக்கு ஞாயித்துக்கிழமையே கிடையாது. இந்த வேலை எனக்கு வேணும். வேணுங்கறதுனாலதான் கேக்கறேன், இதுக்கு நான் லாயக்கான்னு.

—லாயக்கு இல்லாமயா சார் இவ்வளவு தூரம் வந்திருக்கு? அடுத்த ஞாயித்துக்கிழமை கடைசி மேட்ச். அதை ஜெயிச்சா இந்த லீக்லயே இருப்போம்.

—தோத்தா கீழ் லீக். அங்க நம்மளோட ஆட வர்றது தீயணைப்புப் படையும் சர்ச் கோரஸும்தான்னு ஹேபர்லே சொல்லியிருக்கார். அதை விடு. கர்ச்சீப்புக்கு வா. பேச்சை மாத்தாதே.

—இத்தனை நாளு ஒரு மேட்சும் நீங்க பாத்ததில்லையே சார். இன்னைக்கு மட்டும் என்னத்துக்குத் திரும்பினீங்க?

—என்னது? மேட்சே பார்த்ததில்லையா? ஏன்னா, என்ன சொல்றான் இவன்?

—அது வந்து கிரிஜா... நான் பார்த்தா கோல் விழும்.

—யாருக்கு?

—நமக்குத்தான். காலேஜ்ல முதல் மேட்ச்ல நான் பார்த்துண்டிருந்தேன், விழுந்தது. திரும்பி நின்னுண்டேன், விழலை. அதுலேர்ந்து ஆட்டம் ஆரம்பிச்சா மைதானத்துக்கு முதுகைக் காட்டிண்டு காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துண்டு நிப்பேன். சத்தத்தை வெச்சே எல்லாம் புரிஞ்சுப்பேன். நேரம் பார்த்து கையை முதுகுக்குப் பின்னால கொண்டுபோய் கர்ச்சீப்பை ஆட்டுவேன். அது சிக்னல்.

—டாக்டர் பட்டம் வாங்கின மனுஷர்! இங்கயும் இதே கூத்தா?

—இங்க அதை யோகான்னு நினைச்சுக்கிட்டாங்க மாமி. உள்ளூர்ப் பேப்பர்லகூட ஒருத்தன் எழுதினான், இந்தியக் கோச் மனசுக்குள்ளயே ஆட்டத்தைப் பாக்காருன்னு.

—இன்னிக்கு நானாவா திரும்பினேன்? கோல்கீப்பர் டீட்டரோட அப்பா இருக்காரே, ரயில்வே பெரியவர், அவர் என் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தார். திடீர்னு ரெண்டு தோளையும் பிடிச்சு, 'பாரு, பாரு, என் பையன் பிடிச்சதைப் பாரு'ன்னு அப்படியே பம்பரம் மாதிரி திருப்பிட்டார். கை பாட்டுக்குக் கர்ச்சீப்பை ஆட்டிண்டிருக்கு. கண் பாட்டுக்கு மைதானத்தைப் பார்க்கறது. ஒருத்தன் நகரலே. மரம் மாதிரி அவனவன் இடத்துல நிக்கறான். அந்த நிமிஷம் பார்த்து நீ கோல் போடறே!

—பந்து காலுக்கு வந்துட்டு சார். நான் என்ன செய்யதுக்கு?

—என்ன சிக்னல்னா அது? நகர்ந்தா என்ன ஆகணும்?

—கியர் திட்டம், கிரிஜா. என் சொந்தக் கண்டுபிடிப்பு. பத்துப் பேரும் ஒரு கியர் சக்கரத்தோட பல்லு மாதிரி. கர்ச்சீப் அசைஞ்சா ஒவ்வொருத்தனும் கடிகாரம் சுத்தற பக்கமா ஒரு இடம் தள்ளி நகரணும். எதிராளி யாரைப் பிடிக்கறதுன்னு தெரியாம முழிப்பான். காலேஜ் மெஸ்ஸுல டம்ளரையெல்லாம் பரப்பி வெச்சு விளக்குவேன். போன வருஷம் ஹாலந்துக்காரன் இடம் மாறி மாறி ஆடினானே, உலகமே வாயைப் பிளந்ததே, அதை நான் அந்த மெஸ் மேஜையில எப்பவோ ஆடியாச்சு.

—ஹாலந்தும் தோத்துத்தானே போச்சு.

—ஃபைனல்ல தோத்தான்டி. கௌரவமா தோத்தான்.

—சார், ஒண்ணு சொல்லலாமா? நீங்க கோச்சுக்கிடக் கூடாது.

—நான் கோச்சுண்டா உனக்கு என்னடா? இன்டர்னல் மார்க்கா குறையப் போறது? சொல்லு.

—இலையுதிர் காலத்துல தொடர்ந்து தோத்தோமே. அது இந்தக் கியராலதான்.

—சேறுன்னு சொன்னே!

—சேறும் இருந்திச்சு. ஆனா முதல் மேட்ச்ல நீங்க கர்ச்சீப்பை ஆட்டினதும் எல்லாவனும் நகர்ந்துட்டான். சொன்னா சொன்னபடி செய்யுத ஊரு சார் இது. கோல்கீப்பர் டீட்டரும் கோலை விட்டுட்டு லெஃப்ட் பேக் இடத்துக்கு நிதானமா நடந்து போயிட்டான்.

—கோல்கீப்பருமா? பத்துப் பேருன்னுதானே சொன்னேன்!

—இப்ப பத்துன்னு சொல்லுதீங்க. அன்னைக்கு 'எல்லாரும்'னு சொன்னீங்க சார். டீட்டர் அதைக் குறிச்சே வெச்சிருந்தான். ரைட் பேக் மான்ஃப்ரெட் வந்து கோலுக்குள்ள நின்னான், கையில உறைகூட இல்லாம. எதிர் டீம்காரன் பந்தை வெச்சுக்கிட்டு அடிக்கதா வேண்டாமான்னு ரெஃப்ரீயைப் பாத்தான். பாவமா இருந்திருக்கும் அவனுக்கு. பிறகு மெதுவா உருட்டி விட்டான்.

—சுவத்தைப் பார்த்துண்டு நின்னேனா, எல்லாரும் சிரிக்கற சத்தம் கேட்டது. நமக்குத்தான் சாதகமா ஏதோ நடக்கறதுன்னு நினைச்சு மறுபடியும் ஆட்டினேன்.

—ஆமா சார். மறுபடியும் நகர்ந்தாங்க.

—அடப்பாவி. ஆனா பனிக்கால லீவு முடிஞ்சு வந்தப்புறம் ஜெயிக்க ஆரம்பிச்சோமே? அப்போ கியர் பழகிடுத்து, புரிஞ்சுண்டுட்டான்னுதான் நான் நினைச்சேன். நான் பேசப் பேச எல்லாரும் நம்ம ஊர்ல மாதிரியே தலையை ஆட்டினாளே! கிரிஜாகிட்டகூட வந்து சொன்னேன், ஜெர்மன்காரன் நம்மளை மாதிரியே தலையாட்டறான், நாலு மாசத்துல என் பாதிப்பு எப்படிப் பாருன்னு.

—சொன்னேள். அன்னிக்கு ராத்திரி ரெண்டாம் தரம் ரசம் கேட்டேள்.

—அந்தத் தலையாட்டலை நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்.

—நீயா?

—லீவுல டீட்டர் என் ரூமுக்கு வந்தான். 'மௌலி நல்ல மனுஷன், ஆனா இந்தக் கியர் வேலைக்கு ஆகாது. உங்க ஊர்ல நீங்க எப்படிச் சமாளிச்சீங்க'ன்னு கேட்டான். கேக்காதமாரிப் போயிருங்க, அவ்வளவுதான்னு சொன்னேன். அது அவனுக்கு ஏறல சார். 'ஆமான்னு சொல்லிட்டுச் செய்யாம இருந்தா அது பொய். மாட்டேன்னு சொன்னா அவர் மனசு நோவும். ரெண்டும் எங்களால முடியாது'ன்னுட்டான். அப்பம்தான் எனக்குத் தோணிச்சு. ஆமாவும் இல்லாம இல்லையும் இல்லாம எங்க ஊர்ல ஒண்ணு இருக்குன்னு சொல்லி, தலையை இப்படி ரெண்டு பக்கமும் சாய்ச்சுக் காட்டினேன்.

—ஐயோ, எனக்குச் சிரிப்பு தாங்கலே.

—அசந்துட்டான் மாமி. இவ்வளவு நேர்மையான ஒரு சாதனம் எங்க பாஷையில இல்லையேன்னான். மறு வாரம் டீம் பூரா கிளப் ஹவுஸ் கண்ணாடி முன்னாடி நின்னு பழகினாங்க. மான்ஃப்ரெட்டுக்குக் கழுத்துப் பிடிச்சிட்டு.

—இரு, இரு. கிரிஜா, நீ சிரிக்காதே. அசோகா, நீ இப்போ ஒரு வாக்கியம் சொன்னே. லாஜிக்கா பார்ப்போம். டீட்டர் கேட்டது என்ன? 'உங்க ஊர்ல எப்படிச் சமாளிச்சீங்க?' நீ சொன்னது என்ன?

—அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்.

—கேக்காத மாதிரிப் போயிடுங்கோன்னு சொல்லியிருக்கே. அப்போ காலேஜ்ல...

—கேசரி நல்லா இருக்கு மாமி. முந்திரி இங்க எங்க கிடைக்குது?

—முந்திரி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல துருக்கிக்காரர் கடையில. அவருக்குப் பதில் சொல்லு.

—சவரிமுத்து இருந்தான்லா சார், நம்ம சென்டர் ஹாஃப். மணப்பாட்டுப் பையன். கடல்ல வலை இழுத்த உடம்பு. மேட்சுக்கு முன்னாடி நீங்க டம்ளரெல்லாம் அடுக்கி விளக்கி முடிப்பீங்க. நாங்க எஸ் சார்னு சொல்லிட்டு வெளிய வருவோம். வாசப்படி தாண்டினதும் அவன் சொல்லுவான், 'சாருக்குத் தலையை ஆட்டியாச்சு, இனிமே பந்தைப் பாருங்கல'ன்னு.

—மூணு வருஷமும்?

—மூணு வருஷமும் சார்.

—ஒரு தடவைகூட கியர்...

—நீங்கதான் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னீங்களே சார். எங்களுக்கும் வசதியாப் போச்சு.

—ஏன்னா, முகம் ஏன் இப்படி ஆயிடுத்து? கொஞ்சம் ஜலம் குடியுங்கோ.

—வேண்டாம். எனக்கு ஒண்ணும் இல்லே. உண்மையைச் சொன்னா சந்தோஷமாகூட இருக்கு. ஒரு லேப்ல வந்த ரிசல்ட் இன்னொரு லேப்லயும் வரணும், அப்போதான் அது விஞ்ஞானம். இப்போ வந்துடுத்து பார்த்தியா? அங்க நான் சொன்னதைக் கேக்கலே, ஜெயிச்சா. இங்க கேட்ட வரைக்கும் தோத்தா, கேக்காம விட்டா, ஜெயிக்கறா. காலேஜ் பசங்களா இருந்தாலும் சரி, உலக சாம்பியன் ஊரா இருந்தாலும் சரி, என் கோச்சிங் எல்லா மட்டத்துலயும் ஒரே மாதிரி வேலை செய்யறது. அதாவது, கேக்காம இருக்கற வரைக்கும்.

—அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார்.

—வேற எப்படிடா சொல்றது?

—நான் ஒண்ணு கேக்கறேன் அசோகன். திட்டம் தண்டம்னு தெரியும். அப்புறம் ஏன் மூணு வருஷம் இவரையே வெச்சுண்டேள்? பிரின்சிபால்கிட்ட போய் வேற ஆளைக் கேட்டிருக்கலாமே?

—சார் இல்லாட்டா டீமே கிடையாது மாமி. சவரிமுத்து அப்பா பையனைக் கடலுக்கு இழுத்துட்டுப் போயிட்டாரு. சார் பஸ் பிடிச்சு மணப்பாட்டுக்குப் போனாரு. மீன் வாடை ஆகாத மனுஷன், அந்தக் குடிசையில உக்காந்து மோர் மட்டும் வாங்கிக் குடிச்சிட்டு, பையனை விளையாட அனுப்புங்கன்னு கேட்டாரு. அவரு முடியாதுன்னாரு. மறு வாரமும் போனாரு. எங்க வீட்டுக்கும் வந்தாரு. எங்கய்யா சண்டைக்குப் போயிட்டாரு, சார் திண்டாடிப் போயிட்டாரு, ஆனா போகல. பதினோரு பேர் வீட்டுக்கும் போயிருக்காரு மாமி.

—அது கோச்சிங் இல்லேடா. அது அட்மிஷன் வேலை.

—இங்கயும் அதைத்தானே செஞ்சீங்க? மாமிக்குத் தெரியாதா, டீட்டர் வீட்டுக்குப் போனது?

—எது? என்ன பண்ணினார்?

—டீட்டருக்கு இருவத்தெட்டு வயசு. ரெண்டு பிள்ளை இருக்கு. போன செப்டம்பர்ல சாரு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், ஊரே படுத்துத் தூங்குத நேரம், சொல்லாம கொள்ளாம அவன் அப்பா வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்க பையனை ஃபுட்பால் ஆட அனுப்பணும், நீங்க பெர்மிஷன் தரணும்'னு கேட்டுட்டாரு.

—ஐயையோ!

—நான் எப்படிடி கண்டேன்? அப்பாகிட்ட கேக்காம எப்படி ஒரு பையனைச் சேர்க்கறதுன்னு இருந்தேன். பெரியவர் கதவைத் திறந்துண்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். நான் ஷூவைக் கழட்டிட்டு உள்ள போயிட்டேன்.

—அப்பாவும் மகனும் மூணு வருஷமாப் பேச்சு வார்த்தை இல்லையாம் மாமி. சாருக்குத் தெரியாது. என் மகன் விஷயத்துல என்கிட்ட ஒருத்தன் அனுமதி கேக்க வந்திருக்கானேன்னு கிழவருக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அன்னையில இருந்து ஒரு மேட்ச் விடாம வாராரு. டீட்டர் அதைச் சொல்லும்போது எப்பவும் கோல் போஸ்டைப் பாத்துக்கிட்டுதான் சொல்லுவான். நம்ம டீம் வோல்ஃப்காங் கால் ஒடிஞ்சு கிடந்தப்ப, தெனமும் ஆஸ்பத்திரிக்கு எலுமிச்சம்பழச் சாதம் கொண்டு போனது யாரு?

—கிளறினது நான். இவர் பஸ்ல கொண்டு போனார்.

—ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல உப்பே இல்லேன்னான் பாவம். அதுக்கும் ஃபுட்பாலுக்கும் என்னடா சம்பந்தம்? நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சமாதானம் சொல்றேள். சரி, நான் முடிவு பண்ணிட்டேன்.

—என்ன முடிவு?

—ஹேபர்லே வந்ததும் சொல்லிடப் போறேன். அடுத்த ஞாயிறு என் கடைசி மேட்ச். இடுப்பு சரியாயிடுத்தாம் பழைய கோச்சுக்கு, அவரே திரும்பி வரட்டும்.

—உங்களுக்கு இது வேணும்னேளே, அரை மணிக்கு முன்னாடி?

—வேணுந்தான். ரொம்ப வேணும். ஆனா பதினோரு பேர் எனக்காகக் கழுத்து சுளுக்கற வரைக்கும் கண்ணாடி முன்னாடி நின்னு நடிக்கணும்னா அது நியாயமா? புதன்கிழமை பிராக்டீஸ்ல நானே அவாகிட்ட சொல்லிடறேன், நான் போறேன்னு. பாரம் இறங்கிடும். இனிமே மௌலி மனசு நோகுமேங்கற கவலை கிடையாது. சுதந்திரமா ஆடி, ஜெயிச்சு, லீக்ல இருந்துடுவா.

—சார், விடுறதா இருந்தா விடுங்க, அது உங்க இஷ்டம். ஆனா அவனுங்ககிட்ட மட்டும் மேட்சுக்கு முன்னாடி சொல்லிராதீங்க.

—ஏன்?

—வேண்டாம் சார். மேட்ச் முடிஞ்சு சொல்லுங்க.

—காரணம் சொல்லுடா. காரணம் இல்லாம நான் எதையும் ஒத்துக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?

—மணியடிக்கறா. ஹேபர்லேதான். ஏன்னா, நான் போய்த் திறக்கட்டுமா?

—ஒரு நிமிஷம் நிக்கட்டும். முன்னாடியே வந்தவர்தானே. அசோகா, சொல்லு.

—எழுபதுல நீங்க இப்படித்தான் சார் சொன்னீங்க. நாலாவது வருஷம் ஃபைனலுக்கு முதல் நாளு, மெஸ்ஸுல. ஜெர்மனி போறேன், இதுதான் உங்களோட கடைசி மேட்ச்னு.

—நாலாவது ஃபைனலா? அப்படி ஒண்ணு நடந்ததா இவர் என்கிட்ட சொன்னதே இல்லையே.

—தோத்ததை எவன் பொண்டாட்டிகிட்ட சொல்லுவான்? அஞ்சு கோல் வாங்கினா. முந்தின வருஷம் நாம ஊதித் தள்ளின அதே டீம்கிட்ட. ஆனா அது வேற விஷயம்டா அசோகா. நீங்க சின்னப் பசங்க. நான் போறேன்னதும் அழுகை வந்துடுத்து, பந்து கண்ணுக்குத் தெரியலே. அன்னிக்கே எனக்கு அது புரிஞ்சுது, அதனாலதான் உங்களை ஒரு வார்த்தை திட்டலே. இவா ஜெர்மன்காரா. அழ மாட்டா.

—நாங்களும் அழல சார்.

—பின்னே எப்படி அஞ்சு கோல்?

—போற மனுஷனுக்கு நாம வேற என்னத்தல குடுக்கன்னு சவரிமுத்து கேட்டான் சார்; அன்னைக்கு ஒரு நாளு மட்டும் கோல்கீப்பரோட சேத்து பதினோரு பேரும் நீங்க சொன்னபடியே ஆடினோம்.